பிப்ரவரியோடு முடியாமல் ஆண்டு முழுக்கக் கறுப்பின வரலாறு: மாதம் ஒரு அமர்வுக்கு என்ன வைக்கலாம்?

கேள்வி: சனிக்கிழமை வாசிப்பு

வணக்கம். ஜார்ஜியா மாநிலம், அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுன்ட்டியில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். 11 முதல் 15 வயது வரை பதினைந்து பிள்ளைகள், கூடவே பெற்றோர் சிலர். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒன்றரை மணி நேரம். நூலகத்தின் கூட்ட அறைதான் இடம். ப்ரொஜெக்டர் உண்டு, அடுப்பு கிடையாது.

கறுப்பின வரலாறு என்றால் இதுவரை பிப்ரவரியில் நாலு போஸ்டர்: கிங், ரோசா பார்க்ஸ், ஹேரியட் டப்மன், ஒபாமா. மார்ச் பிறந்ததும் சுருட்டி உள்ளே வைத்துவிடுவோம். பள்ளியிலும் இதே பெயர்கள்தான் என்பதால் பிள்ளைகளுக்கு அலுத்துப்போச்சு. அடுத்த ஆண்டு பன்னிரண்டு அமர்வையும் இதற்கே ஒதுக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். எந்த வரிசையில் போவது? எதைப் படிக்கக் கொடுப்பது? படிப்பதோடு நில்லாமல் கையால் செய்ய, சமைக்க, கேட்க என்ன இருக்கிறது? எங்களைப் போன்ற வெளியாட்கள் இதைச் செய்யும்போது எங்கே சறுக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆண்டுக்கு 300 டாலர் வரை செலவழிக்கலாம்.

பதில் 1: பழைய கோப்பு

முதல் வேலையாக ஆண்டைத் திருப்பிப் போடுங்கள். மார்ச்சில் தொடங்கி அடுத்த பிப்ரவரியில் முடியுங்கள். கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. வுட்சன் 1926 பிப்ரவரியில் நீக்ரோ வரலாற்று வாரத்தைத் தொடங்கியபோது எண்ணியதும் அதுதான். பள்ளிகள் ஆண்டு முழுக்கப் படிக்கணும், படித்ததை அந்த ஒரு வாரத்தில் ஊரார் முன் வைக்கணும். லிங்கனின் பிறந்தநாள் 12, அடிமைத்தளையிலிருந்து தப்பி அடிமை ஒழிப்புக்குப் போராடிய ஃப்ரெடரிக் டக்ளஸ் தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டது 14. இரண்டும் ஒரே வாரத்தில் வருவதால் பிப்ரவரியைப் பிடித்தார். 1976இல் வாரம் மாதமாக நீண்டது. கண்காட்சி நிலைத்துவிட்டது, படிப்புதான் கழன்றுபோச்சு.

அடுத்தது, மாதத்துக்கு ஒரு ஆள் என்று பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்தால் நாலு போஸ்டர் பன்னிரண்டாகும், அவ்வளவுதான். மாதத்துக்கு ஒரு ஆவணம் வையுங்கள். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: வரைபடத்தில் இடமும் தேதியும் காட்ட 10 நிமிடம், இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து படிக்க 30, பேச 25, மிச்சம் கைவேலைக்கு. பேசும்போது மூன்றே கேள்வி போதும். எழுதியது யார்? யாருக்கு எழுதினார்? எதைச் சொல்லாமல் விட்டார்?

மார்ச்சுக்கு ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடு. 1865 மார்ச் 3 அன்று, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர்களுக்கான அரசு அலுவலகமும் இந்தச் சேமிப்பு வங்கியும் ஒரே நாளில் சட்டமாயின. கணக்குத் தொடங்க வந்தவரிடம் குமாஸ்தா கேட்டு எழுதிய தாளைப் பாருங்கள்: வயது, பிறந்த ஊர், இப்போது இருக்கும் இடம், தொழில், யாரிடம் வேலை, மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள். தொடக்ககாலப் படிவங்களில் முன்னாள் எஜமானின் பெயரும் தோட்டத்தின் பெயரும்கூட உண்டு. விற்கப்பட்டுப் பிரிந்துபோன அண்ணனின் பெயர் ஒரு வங்கித் தாளில் அகப்படுவது இதனால்தான். அட்லாண்டா, அகஸ்டா, சவானா கிளைகளின் பதிவேடுகள் கிடைக்கின்றன. வங்கி 1874இல் மூழ்கியது. 61,000க்கும் மேற்பட்ட கணக்குதாரர்களின் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் மாட்டிக்கொண்டது. காங்கிரஸ் சட்டம் போட்டுத் தொடங்கிய வங்கி என்பதால் அரசே பொறுப்பு என்று மக்கள் நம்பினார்கள். அப்படி ஒரு உத்தரவாதம் சட்டத்தில் இல்லவே இல்லை. பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஏப்ரலுக்குக் கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரி. 1881 ஏப்ரல் 11, அட்லாண்டாவில் ஃப்ரெண்ட்ஷிப் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில் 11 மாணவிகளோடு தொடங்கியது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஜூலைக்குப் போனால் அதே ஆண்டு, அதே ஊரில் கறுப்பினச் சலவைப் பெண்களின் வேலைநிறுத்தம். அந்த அமர்வை விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை வீடுவீடாக அழுக்குத் துணி எடுத்து, சனிக்கிழமை தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அது. தண்ணீர் இறைத்துச் சுமப்பது, காரம் காய்ச்சிச் சோப்பு செய்வது, கோதுமைத் தவிட்டில் கஞ்சி எடுப்பது, பீர் பீப்பாயை இரண்டாக அறுத்துத் தொட்டி ஆக்குவது, எல்லாம் அவர்கள் பாடு. மாதக் கூலி 4 முதல் 8 டாலர். ஜூலையில் இருபது பேர் கூடிச் சங்கம் அமைத்தார்கள். 12 பவுண்டு துணிக்கு ஒரு டாலர் என்பது கோரிக்கை. மூன்று வாரத்தில் 3,000 பேர் சேர்ந்துவிட்டார்கள். கைது, அபராதம் எதற்கும் மசியவில்லை. ஆளுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் விதிப்போம் என்று நகரசபை மிரட்டியது. அதற்குப் பெண்கள் மேயருக்கு எழுதிய கடிதம்தான் நீங்கள் படிக்க வேண்டிய ஆவணம். 25 என்ன, 50 கேட்டாலும் கட்டுகிறோம், ஆனால் அப்புறம் இந்த ஊரின் துணி முழுக்க எங்கள் கையில், விலை நாங்கள்தான் வைப்போம் என்கிற தொனி. கட்டண யோசனையை நகரசபை கைவிட்டது. பருத்திக் கண்காட்சிக்காக அந்த அக்டோபரில் ஊரே வெளியாட்களால் நிரம்பவிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் அவர்கள் நேரம் பார்த்து அடித்தது புரியும்.

ஜூனுக்கு ஜூன்டீன்த் என்ற விடுதலை நாள். 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஜெனரல் கார்டன் கிரேஞ்சரின் பெயரில் வந்த பொது ஆணை எண் 3, நாலே வாக்கியம். எல்லோரும் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்: அடிமைகள் அனைவரும் விடுதலை. மற்ற மூன்றையும் உரக்கப் படிக்க வையுங்கள். இரண்டாவது, எஜமானுக்கும் அடிமைக்கும் சம உரிமை, இனி முதலாளி தொழிலாளி உறவு என்கிறது. மூன்றாவது, இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யச் சொல்கிறது. நாலாவது, ராணுவ முகாம்களில் கூடக் கூடாது, சும்மா இருந்தால் எங்கேயும் சோறு போட மாட்டோம் என்று எச்சரிக்கிறது. ஒரே தாளில் விடுதலையும் கடிவாளமும். இதோடு ஒரு தவறான புரிதலையும் சரிசெய்யலாம். ஜூன்டீன்தோடு அடிமைமுறை முடிந்துவிடவில்லை. லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம், உள்நாட்டுப் போரில் யூனியனோடு (வட மாநிலங்களோடு) நின்ற கென்டக்கி, டெலவேர் மாநிலங்களைத் தொடவே இல்லை. அங்கே 1865 டிசம்பரில் அடிமைமுறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் வந்த பிறகுதான் முடிவு.

டிசம்பருக்கு மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு: அலபாமா மாநிலத்து அந்த ஊரில், பேருந்தில் நிறம் பார்த்து இருக்கை பிரித்ததை எதிர்த்து 1955 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் கால் களைத்ததால் ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்தார் என்ற கதையாக வேண்டாம், போக்குவரத்துக் கணக்காக நடத்துங்கள். பேருந்தில் போய்வந்த கறுப்பினத்தவர் நாளொன்றுக்கு சுமார் 17,500 பேர். புறக்கணிப்புக்குத் திரண்ட கார்கள் சுமார் 300. ஒரு காருக்கு 58 பேர். ஐந்து பேராக ஏற்றினால் காலையில் மட்டும் ஒவ்வொரு காரும் பன்னிரண்டு நடை அடிக்கணும். அப்போதுதான் ஏன் அத்தனை பேர் நடந்தார்கள் என்பது விளங்கும். டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகரம் அதை முடக்கியது. கார்களுக்குக் காப்பீடு ரத்தானதும் லண்டன் லாய்ட்ஸ் வரை போய்ப் பாலிசி எடுத்தார்கள். 381 நாள். பேருந்துப் பாகுபாட்டை எதிர்த்துப் போட்ட வழக்கில் வென்ற நால்வர் ஆரேலியா பிரௌடர், கிளாடெட் கால்வின், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித். ரோசா பார்க்ஸ் அதில் வாதி இல்லை. கால்வின் இருக்கையை விட்டு எழ மறுத்தது 1955 மார்ச் 2, பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால். அப்போது கால்வினுக்கு வயது 15, உங்கள் வட்டத்தின் மூத்த பிள்ளைகளின் வயது.

மே மாதத்துக்கு கிரீன் புக். நியூயார்க்கின் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்ட பயணக் கையேடு அது. கறுப்பினத்தவர் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்ற பட்டியல். நியூயார்க் பொது நூலகத்தின் ஷோம்பர்க் மையம் பழைய பதிப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறது. 1950களின் பதிப்பு ஒன்றை எடுத்து அட்லாண்டாவிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் போகத் திட்டம் போடச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத ஊரில் இருட்டிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி தானாக வரும்.

செப்டம்பருக்கு உங்கள் கவுன்ட்டியே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எங்கும் போகாதீர்கள். 1912 செப்டம்பரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தாக்கப்பட்டதையொட்டி ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பினத்தவரைக் கவுன்ட்டியின் தலைமை ஊரான கம்மிங்கின் சிறையிலிருந்து இழுத்துப் போட்டுக் கும்பல் கொன்றது. அடுத்த சில வாரங்களில் கவுன்ட்டியில் இருந்த ஏறத்தாழ 1,100 கறுப்பினத்தவரையும் இரவுக் கும்பல்கள் விரட்டின. 1987 ஜனவரியில் குடிமை உரிமைப் போராளி ஹோசியா வில்லியம்ஸ் நடத்திய ஊர்வலம் கல்லடி பட்டது. ஒரு வாரம் கழித்து சுமார் 20,000 பேர் திரண்டு வந்தார்கள். இன்று இந்தியக் குடும்பங்கள் இத்தனை பேர் குடியிருக்கும் மண்ணில் எழுபத்தைந்து ஆண்டு கறுப்பினத்தவர் யாரும் குடியேற முடியாமல் இருந்தது என்பது பெற்றோரில் பலருக்கே புதுச் செய்தியாக இருக்கும்.

பதில் 2: சுவடிப்பெட்டி

மேலே சொன்ன பட்டியல் நல்ல பட்டியல். ஆவணங்களைக் கையாள்வதில் எங்கே தடுக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் தடை கையெழுத்து. பிள்ளைகளுக்குக் கூட்டெழுத்து வாசிக்க வராது. மூலப் படத்தையும் தட்டச்சு வடிவத்தையும் பக்கம் பக்கமாக அச்சிடுங்கள். முதல் பத்து நிமிடம் மூலத்தை மட்டும் கொடுத்துத் திணற விட்டு, அப்புறம் மற்றதைக் கொடுங்கள். 19ஆம் நூற்றாண்டுக் குமாஸ்தாக்கள் இரட்டை எஸ் எழுதும்போது முதல் எஸ்ஸை எஃப் போல நீட்டிவிடுவார்கள். மிஸ் என்பது மிஃப்ஸ் என்று தெரியும். வில்லியம், ஜேம்ஸ், சார்லஸ், ஜார்ஜ் நாலும் பெரும்பாலும் சுருக்கமாகவே இருக்கும். பெயர் எழுத்துக்கூட்டலில் ஒரே ஆள் மூன்று விதமாக வருவார். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் திறந்தால் வங்கிப் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டும் பார்க்கலாம். தேடும்போது குடும்பப்பெயரை நம்பாமல் முதற்பெயர், வயது, ஊர் வைத்துத் தேடுங்கள்.

கணக்கெடுப்புத் தாள்களுக்கு ஒரு அமர்வு கட்டாயம் வேண்டும், நவம்பரில் வைக்கலாம். 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உரிமையாளரின் பெயர்தான் இருக்கும். அதற்குக் கீழே வயது, பாலினம், நிறம். அடிமைப்பட்டவர்களுக்குப் பெயரே கிடையாது. 1870இல்தான் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். இரண்டு தாளையும் அருகருகே திரையில் போட்டால் நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. 1870 தாளில் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் என்ன உறவு என்று எழுதியிருக்காது, அந்தக் கட்டம் 1880இல்தான் வந்தது. ஆகவே ஒரு ஆண், ஒரு பெண், மூன்று குழந்தைகள் என்று பார்த்ததும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று முடிவுகட்ட விடாதீர்கள். அக்கா பிள்ளையாக இருக்கலாம், எடுத்து வளர்த்ததாக இருக்கலாம். 1890 தாள்களில் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் போய்விட்டதால் 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது ஆண்டு ஓட்டை. தேடித் தேடிக் கிடைக்கவில்லை என்று யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஃபோர்சைத் அமர்வுக்கும் இதே வழிதான். 1910, 1920 கணக்கெடுப்புகளை எடுத்து, 1910 தாளில் நிறத்துக்கான கட்டத்தில் பி (கறுப்பினம்), எம்யு (கலப்பினம்) என்று குறித்தவர்களை எண்ணச் சொல்லுங்கள். கூடவே வீடு சொந்தமா வாடகையா, சொந்தமென்றால் கடன் உண்டா இல்லையா, பண்ணையா வீடா என்று மூன்று கட்டம் இருக்கும். சொந்தப் பண்ணை வைத்திருந்த கறுப்பினக் குடும்பங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, 1920இல் அதே பகுதியில் தேடினால் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். நிலம் என்ன ஆயிற்று என்பதை அவர்களே கேட்பார்கள்.

வில்லனோவா பல்கலைக்கழகத்தின் ‘லாஸ்ட் சீன்’ திட்டத்தையும் பாருங்கள். விடுதலைக்குப் பிறகு, விற்கப்பட்டுப் பிரிந்த தாயை, மகளை, தம்பியைத் தேடிக் கறுப்பினப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களைத் திரட்டியிருக்கிறார்கள். பல விளம்பரங்கள் பத்து வரிகூட இராது. யார் யாரிடமிருந்து எங்கே விற்கப்பட்டார் என்ற சங்கிலி முழுக்க அதற்குள் இருக்கும். ஒரு விளம்பரத்தை எடுத்து ஊர்களை வரைபடத்தில் நூலால் இணைப்பது நல்ல கைவேலை.

1936–38இல் அரசுத் திட்டமாகப் பதிவான முன்னாள் அடிமைகளின் நேர்காணல்கள் 2,300க்கும் மேல் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. தகவல் சுரங்கம், ஆனால் அப்படியே கொடுக்காதீர்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வெள்ளைக்காரர்கள், சொன்னவர்கள் 1930களின் பெருமந்தக் காலத்தில் உதவித்தொகையை எதிர்பார்த்திருந்த முதியவர்கள். எஜமான் நல்லவர்தான் என்று சொன்ன இடங்களை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். பேச்சை வேண்டுமென்றே கொச்சையாக எழுத்தாக்கியிருப்பார்கள். அதைப் பிள்ளைகள் நடித்துப் படித்துச் சிரிப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள், வழக்கமான எழுத்துக்கு மாற்றியே கொடுங்கள்.

பிப்ரவரி 14க்கு டக்ளஸ் தினம் என்று இணையத்தில் கூடிப் பழைய ஆவணங்களைத் தட்டச்சு செய்யும் நிகழ்வு நடக்கிறது. உங்கள் ஆண்டை முடிக்க அதைவிடப் பொருத்தம் இல்லை. அன்று தோதுப்படாவிட்டால் ஸ்மித்சோனியன் டிரான்ஸ்கிரிப்ஷன் சென்டர் இருக்கிறது. ஒரே விதி, உள்ளது உள்ளபடி தட்டச்சு செய்யணும். எழுத்துப்பிழையைத் திருத்தக் கை பரபரக்கும், திருத்தினால் தேடுபவருக்கு அது தப்பிப்போகும்.

சனிக்கிழமை வாசிப்பு

இருவருக்கும் மிக்க நன்றி. மார்ச்சில் தொடங்கும் யோசனை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஒரு தயக்கம்: செப்டம்பர் அமர்வில் கொலை வருகிறதே, 11 வயதுக்கு எவ்வளவு சொல்லலாம்? சமையல் பக்கமும் யாராவது சொன்னால் நல்லது, சைவக் குடும்பங்களும் உண்டு.

பதில் 3: அடுப்பங்கரை

சமையலுக்கு இரண்டே போதும். ஜனவரிக்கு ஹாப்பின் ஜான், ஜூனுக்குச் சிவப்புப் பானம்.

ஹாப்பின் ஜான் என்பது காராமணியும் அரிசியும். புத்தாண்டு அன்று சாப்பிடுவது தெற்குப் பக்கத்து வழக்கம். 1863 ஜனவரி 1 பிரகடன நாள், முந்தைய இரவு தேவாலயங்களில் விழித்திருந்து காத்தார்கள் என்ற பாடத்தோடு இது ஒட்டிக்கொள்ளும். காராமணி ஆப்பிரிக்காவில் விளைந்து உலகம் சுற்றிய பயறு. ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரச் சதுப்பில் நெல் விளைந்ததும் மேற்கு ஆப்பிரிக்க நெல் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் கைத்திறனில்தான்.

இருபது பேர் ருசி பார்க்க: காராமணி 450 கிராம், நீள வெள்ளரிசி 3 கப், வெங்காயம் 2, குடைமிளகாய் 1, செலரி 2 தண்டு, பூண்டு 4 பல், பிரிஞ்சி இலை 2, காய்ந்த தைம் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன். அசைவமென்றால் புகையூட்டிய வான்கோழிக் கால் ஒன்று. சைவமென்றால் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, புகையூட்டிய பாப்ரிகா 2 டீஸ்பூன். காராமணியை இரவே ஊறப்போட்டு, மறுநாள் திறந்த பாத்திரத்தில் சிறு கொதியில் 40 நிமிடம். தோல் கிழியக் கூடாது, உள்ளே மசியணும். வடித்து, அந்தத் தண்ணீரை அளந்து வையுங்கள். காய்களை வதக்கி, அரிசி சேர்த்து, ஐந்தரை முதல் ஆறு கப் காராமணித் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டு, பயறையும் சேர்த்து மூடி 20 நிமிடம், அணைத்து 10 நிமிடம். நடுவில் கிளறக் கூடாது.

நம் வீடுகளில் கெடுவது மூன்று இடத்தில். குக்கரில் மூன்று விசில் விட்டால் பயறு கூழாகிவிடும். காராமணித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினால் நிறமும் ருசியும் போச்சு. கடுகு, கறிவேப்பிலை தாளித்து மஞ்சள் போட்டால் அருமையாக இருக்கும், ஆனால் அது நம் வீட்டுக் காராமணி சாதம். வீட்டில் செய்து, ஹாட் பேக்கில் கொண்டுவாருங்கள். கூட காலர்ட் கீரை இருந்தால் பாந்தம்.

ஜூன்டீன்த் சிவப்புப் பானத்தைப் பலரும் சோடாவில் முடித்துவிடுகிறார்கள். செம்புளிச்சைப் பூவில் போடுங்கள். நம் வீட்டு வேலிச் செம்பருத்தி இல்லை, புளிச்சக்கீரை இனத்துப் பூவின் புற இதழ். மெக்சிகன் கடையில் ஹமைக்கா என்றும் கரீபியன் கடையில் சோரல் என்றும் கேளுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரை 50 கிராம் நசுக்கிய இஞ்சியோடு கொதிக்கவிட்டு அணைத்த பிறகு 2 கப் காய்ந்த பூ போட்டு 20 நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். சூட்டிலேயே சர்க்கரை ஒன்றேகால் கப், ஆறியதும் குளிர்ந்த தண்ணீர் இன்னொரு 2 லிட்டர், எலுமிச்சை 4. பூவோடு கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், புளிப்பு பாத்திரத்தைத் தின்னும். நூலகத்துத் தரைவிரிப்பில் சிந்தினால் கறை போகாது, மூடிபோட்ட கப்பில் கொடுங்கள்.

பதில் 4: தெற்கு வாசல்

முதல் பதிலோடு ஒரு முரண்பாடு. மார்ச் வங்கி மூழ்கியது, செப்டம்பர் விரட்டல், நவம்பர் பெயரில்லாத அட்டவணை. இந்தக் கணக்கில் போனால் ஆண்டு முடிவில் பிள்ளைகள் மனதில் பதிவது பட்ட பாடு மட்டும்தான். கையால் செய்ய, கேட்க என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். சலவைப் பெண்களைப் போலச் செய்து காட்டியவர்களுக்கு இன்னும் இரண்டு அமர்வு ஒதுக்குங்கள்.

ஒன்று இசைக்கு, ஆகஸ்டில். பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்ற கறுப்பின இசை வடிவத்தின் அமைப்பு ஒரே அமர்வில் பிடிபடும் (ஒரு பார் என்பது நாலு தட்டு). நாலு நாலு பாராக மூன்று வரி. முதல் வரி, அதே வரி மறுபடி, மூன்றாவது அதற்குப் பதில். பிள்ளைகளில் பாதிப் பேர் கர்நாடக சங்கீதம் கற்கிறவர்களாக இருப்பார்கள், அவர்களுக்கு இப்படிச் சொல்லுங்கள்: கீழே நிற்கும் ஆதாரம் நாலு பார் சட்ஜம், இரண்டு பார் சுத்த மத்யமம், இரண்டு சட்ஜம், பிறகு பஞ்சமம் ஒன்று, மத்யமம் ஒன்று, கடைசி இரண்டும் சட்ஜம். பாட்டு ஒவ்வொரு வரியிலும் நாலு பாரையும் நிரப்பாது. இரண்டு, இரண்டரை பாரில் நின்றுவிடும். மிச்சத்தில் வாத்தியம் பதில் சொல்லும். கைதட்டு 2இலும் 4இலும் விழணும். நம் பிள்ளைகள் சமத்தில் தட்டிப் பழகியதால் 1இலும் 3இலும் தட்டுவார்கள், பாட்டே அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஆளுக்கு மூன்று வரி தமிழில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்தைப் பற்றி எழுதினாலும் பரவாயில்லை, வடிவம் கைக்கு வரும்.

இன்னொன்று புத்தகங்களுக்கு. கொரெட்டா ஸ்காட் கிங் விருதுப் பட்டியலை நூலகரிடம் கேளுங்கள். கறுப்பின எழுத்தாளர்களும் ஓவியர்களும் பிள்ளைகளுக்காகச் செய்த நூல்களுக்கு ஆண்டுதோறும் கொடுப்பது. அதில் விண்வெளி, பேய், சண்டை, கூடைப்பந்து எல்லாம் உண்டு.

செய்யவே கூடாதது: அடிமைச் சந்தை, கப்பலின் அடித்தட்டு, பருத்தி பறிப்பது என்று நடிக்க வைப்பது. பள்ளிகளில் இன்னமும் யாராவது செய்து ஊர்ச் செய்தியாகிறார்கள். பரிவு வரும் என்று செய்வது, வருவது விளையாட்டோ அவமானமோதான். முகத்துக்குக் கறுப்பு மை, தலைமுடி டோப்பா பற்றிச் சொல்லவே வேண்டாம். கறுப்பினத்தவரின் ஆண்டிறுதிப் பண்டிகையான குவான்சாவை நீங்களே ஏழு மெழுகுவத்தி ஏற்றி நடத்துவதைவிட, அட்லாண்டாவில் அதைக் கொண்டாடுகிறவர்கள் பொதுமக்களை அழைக்கும் நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போங்கள். பேச்சாளரை அழைத்தால் சன்மானம் கொடுங்கள். 300இல் பாதியை அதற்கே வையுங்கள். பிப்ரவரியில் எல்லோரும் கூப்பிடுவார்கள், அக்டோபரில் கூப்பிட்டால் ஆற அமரப் பேசுவார்கள்.

செப்டம்பர் தயக்கத்துக்கு: ராப் எட்வர்ட்ஸ் கொல்லப்பட்டார் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கணக்கெடுப்புத் தாளுக்குப் போய்விடுங்கள். எப்படி என்ற விவரம் 11 வயதுக்குத் தேவையில்லை. கும்பல் கொலைப் புகைப்படங்கள் எதையும் திரையில் போடாதீர்கள். அவற்றில் பலவும் அந்தக் காலத்தில் அஞ்சலட்டையாக விற்பதற்காகவே எடுத்தவை. அமர்வுக்கு ஒரு வாரம் முன்பே பெற்றோருக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

நம்மோடு உள்ள தொடர்புக்கு ஒரே ஒரு அமர்வு போதும், அக்டோபர். 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான குடியேற்றச் சட்டம் தேசவாரி ஒதுக்கீட்டை எடுத்தது. 1946 முதல் இந்தியாவுக்கு இருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். குடிமை உரிமைகள் சட்டம் 1964, வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட், உடனே இது. தெருவில் அடிபட்டு யார் திறந்த கதவு வழியாக வந்தோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியணும். அதே அமர்வில் 1935 இறுதியில் கொழும்பில் இறங்கித் தென்னிந்தியா வழியாகப் பயணம் செய்து, 1936இல் காந்தியைச் சந்தித்த கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன். 1959இல் கன்னியாகுமரி வரை வந்த கிங். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் கிங்கை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம் சக தீண்டப்படாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்து ஆம் என்று ஏற்றுக்கொண்டேன் என கிங்கே 1965இல் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். 1873இலேயே மராட்டியச் சாதி எதிர்ப்பாளர் ஜோதிராவ் ஃபூலே தன் ‘குலாம்கிரி’ (அடிமைத்தனம்) நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கினார். பிள்ளைகள் சாதியைப் பற்றிக் கேட்பார்கள். பெற்றோர் பேச்சை மாற்றாமல் இருப்பார்களா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மற்ற பதினொரு அமர்விலும் ‘நம்ம ஊர்லயும் இப்படித்தான்’ என்று யாராவது தொடங்கினால் தலைவர் மெல்ல நிறுத்தணும்.

பதில் 5: வண்டிப்பாதை

நேரில் போக மூன்று இடம் மட்டும். அட்லாண்டா ஆபர்ன் அவென்யூவில் கிங் பிறந்த வீடும் எபனேசர் தேவாலயமும் நடக்கிற தூரம். வீட்டைப் புதுப்பிப்புக்காக 2023 நவம்பரில் மூடினார்கள், உள்ளே விடுகிறார்களா என்று தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதே தெருவில் ஆபர்ன் அவென்யூ ஆய்வு நூலகம். அங்கே நூல்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள், அமர்ந்துதான் படிக்கணும். ஆவணப் பிரிவைப் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மூலத்தாள் பார்க்கும் அறைகளில் பேனா கூடாது, ஆளுக்கொரு பென்சில் கொடுத்து அனுப்புங்கள்.

மான்ட்கோமரி, அட்லாண்டாவிலிருந்து இரண்டரை மணி நேரம். 2018இல் திறந்த நினைவிடத்தில் கும்பல் கொலை நடந்த கவுன்ட்டிக்கு ஒன்றாக 800க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள். உள்ளே போகப்போகத் தரை இறங்கும், தூண்கள் தலைக்கு மேல் தொங்க ஆரம்பிக்கும். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அங்கே கூட்டிப்போவதைவிட அதே ஊரில் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். டிசம்பர் பேருந்துக் கணக்குக்கும் அதுதான் பொருத்தம்.

ஜார்ஜியா கடலோரத்துச் சப்பெலோ தீவில் கல்லா கீச்சி மக்களின் (கடலோரத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்தவர்களின் வழிவந்தவர்கள்) ஹாக் ஹம்மக் குடியிருப்பு இருக்கிறது. மெரிடியன் துறையிலிருந்து படகு. நினைத்த மாத்திரத்தில் ஏற முடியாது: சுற்றுலாவுக்கு முன்பதிவு வேண்டும், இல்லையென்றால் தீவில் குடியிருக்கும் ஒருவரின் அழைப்பு வேண்டும். கடைகளை நம்பிப் போகாதீர்கள், சாப்பாடும் தண்ணீரும் கொசு மருந்தும் கையோடு. வெயிலும் கொசுவும் உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டை விட்டுவிட்டு நவம்பரில் போங்கள். ஹாப்பின் ஜானுக்கு முந்தைய மாதங்களில் போய்வந்தால் கடலோர நெல் கதையை ஜனவரியில் சொல்லும்போது பிள்ளைகள் அந்தச் சதுப்பைப் பார்த்திருப்பார்கள்.